காசில்லை என்றால் வாக்கும் இல்லையா?

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென இலங்கை அறிவித்தது. யூலையில் கோட்டாபய ராஜபக்ச பதவி விலகினார். இராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை; நாடாளுமன்றம் வாக்களித்து ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவுசெய்தது. ஜனநாயகம் தாக்குப்பிடித்தது என்றார்கள்.

நெளுக்குளத்திலிருந்து பார்க்கையில் எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், நிதியில்லை என்று நிறுத்தப்பட்டது. வீதி விளக்குக்கும் வாய்க்காலுக்கும் போய்க் கேட்க, வாக்களித்துத் தெரிந்த உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. வழக்குப் போட்டவர்களால்தான், அது அடிப்படை உரிமை மீறலென 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6இல் நடந்தது.

வடக்கு மாகாண சபையோ 2018 ஒக்ரோபரில் கலைந்தது. எல்லை நிர்ணயச் சிக்கலைக் காட்டியே தேர்தல் தள்ளிப்போகிறது.

நெருக்கடியில் முதலில் பறிபோவது நமக்குக் கிட்டவுள்ள சபைதான். கேட்காவிட்டால் அது திரும்பி வராது.