ஜி. டி. நாயுடு: மெக்கானிக்காக இருந்து ஆசிரியரானவர்

கோபால்சாமி துரைசாமி நாயுடு (23 மார்ச் 1893 – 4 ஜனவரி 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழில்முனைவோர், கண்டுபிடிப்பாளர், தொழிற்கல்வியாளர். "இந்தியாவின் எடிசன்" என்ற பட்டப்பெயரால்தான் பலர் அவரை அறிவார்கள். ஆனால் அவர் முதலில் ஒரு மெக்கானிக். கையால் கற்றதை மற்றவர்களுக்கும் கையாலேயே கற்பிக்க வேண்டும் என்று விரும்பியவர். மின்சவர இயந்திரம், வானொலி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவருடைய கல்விப் பணி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடியவர் என்று ஒரு கதை உண்டு. தொடக்க வகுப்புகளைத் தாண்டி முறையாகப் படிக்கவில்லை. ஆனால் தோட்டத்து வேலைகளுக்கு நடுவே புத்தகங்களைத் தானாகவே படித்துக்கொண்டார். வகுப்பில் அடங்காத பையன் படிப்பில் நாட்டமில்லாதவன் என்று முடிவு கட்டுவது எங்கள் ஆசிரியர் இனத்தின் பழைய தவறு. நானும் செய்திருக்கிறேன்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய வருவாய் அதிகாரி ஒருவர் ரட்ஜ் வண்டியில் அந்தப் பக்கம் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி அன்றுதான் பார்த்தார். அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று கோவைக்குப் போய், ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். பணம் சேர்த்து, அதே அதிகாரியிடம் 300 ரூபாய்க்கு வண்டியை வாங்கினார். வாங்கியதும் அவர் ஊர்வலம் போகவில்லை. வண்டியைத் திருகு திருகாகக் கழற்றிப் பரப்பிவைத்து, எந்தப் பாகம் எதை இயக்குகிறது என்று பார்த்து, மறுபடியும் பூட்டினார். அதுதான் அவருடைய பொறியியல் கல்லூரி.

இடையில் பருத்தி வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய் இழந்தார். 1920-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற கோவைத் தொழிலதிபரின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். ஓட்டுநரும் அவரே. அந்த ஒரு வண்டிதான் வளர்ந்து யு.எம்.எஸ். ஆனது. வண்டிகள் பெருகப் பெருகப் பட்டறையும் பெருகியது. என்ஜினின் அதிர்வை வைத்தே கோளாறைக் கண்டறியும் கருவி அங்கிருந்து வந்த ஒன்று.

1937-இல் உள்நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று குறிப்பிடப்படும் மோட்டார் கோவையில் உருவானது. இதில் நாயுடுவோடு உழைத்தவர், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கிய டி. பாலசுந்தரம் நாயுடு. இன்று கிணற்று மோட்டார் என்றால் கோவை என்று சொல்கிறோமே, அதன் வேர்களில் இதுவும் ஒன்று. 'ரேசண்ட்' என்ற மின்சவர இயந்திரம், 1941-இல் 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று அவர் அறிவித்த ஐந்து வால்வு வானொலி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று பட்டியல் நீளும். 1952-இல் இரண்டாயிரம் ரூபாயில் இருவர் அமரும் கார் ஒன்றையும் உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது உற்பத்திக்கு வரவில்லை.

இனி கல்விக்கு வருவோம். 1945-இல் நாயுடுவின் கொடையால் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு இடப்பட்டது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று சொல்லப்படும் நாயுடுவே அதன் முதல் முதல்வர். ஆனால் அந்தப் பொறுப்பில் அவர் நீடிக்கவில்லை. பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் என்பது வீண், இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை. அவர் விலகிவிட்டார். கல்லூரி அரசின் கைக்குப் போய், பின்பு தடாகம் சாலைக்கு இடம் மாறி, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது.

இரண்டு ஆண்டு போதுமா? எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு மோட்டாரைப் பிரித்துப் பூட்ட ஆறு மாதம் போதும். புதிதாக ஒன்றை வடிவமைக்கக் கணக்கும் இயற்பியலும் ஊற வேண்டும், அதற்கு நாள் ஆகும். நாயுடுவுக்கு அந்த ஊறல் பட்டறையிலேயே, பல ஆண்டுகளில் நடந்தது என்பதை அவரே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையோ என்று தோன்றுகிறது. ஆனால் அவர் கோபத்தின் மறுபாதி நியாயமானது. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் மின்மோட்டார் மாதிரி ஒன்று கண்ணாடி அலமாரியில் பூட்டியே இருந்தது. ஆய்வு அதிகாரி வரும் நாளில் தூசி தட்டுவோம். மாணவர்கள் அதன் படத்தை வரைந்து பாகம் குறித்து ஐந்து மதிப்பெண் வாங்குவார்கள். ஒருவரும் அதைத் தொட்டதில்லை. ஓய்வு பெற்றபோது அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது.

கல்லூரியை விட்டாலும் நாயுடு கற்பிப்பதை விடவில்லை. தொழில் பழக விரும்பிய இளைஞர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தினார். அவிநாசி சாலையில் இயந்திரங்களையும் கருவிகளையும் பொதுமக்கள் பார்க்கும்படி கண்காட்சி அமைத்தார்.

குடும்பத்திலும் அந்த ஆர்வம் தொடர்ந்தது. மகன் ஜி. டி. கோபால் தந்தையின் நிறுவனங்களை ஏற்று நடத்தினார். அதே வளாகத்தில் 2015-இல் பழைய கார்களுக்கான ஜீடி கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவாகக் கோவை வருபவர்கள் இரண்டையும் பார்க்கலாம்.

கல்லூரி தடாகம் சாலைக்குப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அவிநாசி சாலையில் பீளமேட்டை அடுத்த நிறுத்தத்தை இன்றும் நடத்துநர்கள் "ஹோப் காலேஜ்" என்றுதான் கூவுகிறார்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டி 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. அது அந்த நிறுத்தத்தைக் கடந்துதான் போகிறது.