யார் வாரிசு?

வாரிசு என்பது அரபியிலிருந்து வந்த சொல். தாலுகா அலுவலகத்துக்கும் பத்திர எழுத்தர் மேசைக்கும் அது போதும். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் புதுப் பையன் யாரையாவது கண்டால் "யாரு மவம்ல நீ?" என்றுதான் கேட்பார்கள். பெரியவர்கள் என்றால், "உங்க சாஸ்தா எது?" என்று ஒரு படி மேலே போவார்கள். பங்குனி உத்திரத்தன்று சென்னை, மும்பையிலிருந்தெல்லாம் நெல்லை, தென்காசிக் குடும்பங்கள் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி வருகின்றன. அப்பன், பாட்டன் என்று போகும் கொடிவழிக்கு அந்தக் கோயில்தான் முகவரி. கட்டிக்கொடுத்த பெண் மட்டும் அன்று புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்குப் பொங்கலிடுவாள்.

எல்லாமே அப்பன் வழிதானா? இல்லை. இதே சீமையில் கொண்டையங்கோட்டை மறவரிடம் 'கிளை' உண்டு. அது தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. அப்பன் ஒரு கிளை, பிள்ளைகள் வேறு கிளை. ஒரே கிளைக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அதாவது கல்யாணப் பேச்சு எடுத்தால், முதலில் விசாரிப்பது ஆத்தா வழியைத்தான்!

மேற்கே செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் நம்மோடு சேர்ந்தது. அதுவரை மலையாளச் சீமை. அந்தச் சீமையை ஆண்ட திருவிதாங்கூர் அரசில் அரியணை மகனுக்குப் போகவில்லை, சகோதரி மகனுக்கே போனது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் இந்த மருமக்கள்வழி இருந்தது. அதில் மனைவி மக்கள் பட்ட பாட்டை 'மருமக்கள்வழி மான்மியம்' என்று நையாண்டியாகவே பாடிவைத்தார் கவிமணி.

இத்தனை வழி பார்த்த மண்ணில்தான், இரண்டு பெண்களைப் பெற்றவரை இன்றும் "பாவம், வாரிசு இல்ல" என்கிறார்கள். சட்டப்படி இது பொய். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் மணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005-ன் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்த்துச் சொன்னது. வாரிசுச் சான்றிதழிலும் மகன் பெயருக்குப் பக்கத்தில் மகள் பெயரும் இருக்கும்.

சான்றிதழில் இருக்கிற பெயர், நிலத்தில் இல்லாமல் போவது, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரத்தால். "அதான் சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி நீட்டுவார்கள். பங்கு வேண்டாம் என்று மனமார விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், தங்கச்சிமார்களே. பதிவு செய்துவிட்டால் அதை ரத்து செய்யக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கும்.