நரிவெங்காயம்: பெயரும் பொருளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாட்டுத் தோட்டங்களில் விளையும் சின்ன வெங்காயத்தை யாவரும் அறிவர். அதன் உறவுபோலத் தோன்றும் நரிவெங்காயத்தை அறிந்தோர் இன்று சிலரே. இலங்கையின் வறண்ட வலயத்துப் பற்றைக்காடுகளிலும் மணற்பாங்கான தரைகளிலும் தானே முளைக்கும் பூண்டு இது. சிங்களத்தில் 'வல் லூனு' என்பர், வடமொழியில் 'வனபலாண்டு'. இரண்டும் காட்டு வெங்காயம் என்றே பொருள்படும்.

தமிழோ நரியைத் துணைக்கழைக்கிறது. நரியின் வஞ்சகம் இப்பெயரில் குறிக்கப்பட்டதென்று கூறத் தோன்றும். ஆயின் கால்நடைத் தீவனமாகும் நரிப்பயறும் அவ்வடைமொழியையே பெறுவதால் அதனை நாம் வற்புறுத்த மாட்டோம். பயிரை ஒத்தது, ஆனால் பயிரன்று என்பதே பொருத்தமான பொருள்.

இப்பாகுபாட்டைச் செய்தோர் ஏடு படித்தோர் அல்லர். மண்ணைக் கிண்டியும் மாடு மேய்த்தும் வாழ்ந்த உழைப்பாளிகள் என்றே நாம் கருதுகிறோம். தாவரவியலாளர் நெடுங்காலம் இவ்விரண்டையும் லிலியேசியே என்ற ஒரே குடும்பத்தில் வைத்திருந்தனர். 1977இல் ஜெசொப் இதனை டிரிமியா இண்டிக்கா எனப் பெயரிட்டார். பின்னர் மரபணு ஆய்வுகளின் வழி வெங்காயம் அமரில்லிடேசியேக் குடும்பத்துக்கும் நரிவெங்காயம் அசுப்பராகேசியேக் குடும்பத்துக்கும் பிரிந்தன. 'வெங்காயம்போன்றது, வெங்காயமன்று' என்ற மக்கள் தீர்ப்புக்கு அறிவியல் தாமதித்தே வந்து சேர்ந்தது.

வேறுபாடு காண்பதும் எளிது. வெங்காயப்பூ தண்டின் நுனியில் உருண்டையாகத் திரளும். நரிவெங்காயமோ இலைகள் உலர்ந்தபின் வெறுந்தண்டு நீட்டி, அதன் நெடுகே சிறு பூக்களைத் தாங்கும். குமிழை நசுக்கினால் வெங்காய நெடி எழாது. சாறு பட்ட தோல் அரிக்கும். அதிலுள்ள கல்சியம் ஒட்சலேற்று ஊசிகளே அதற்குக் காரணம்.

அரிப்பு சிறிது, உள்ளே இருப்பது பெரிது. இக்குமிழின் கிளைக்கோசைட்டுகள் இதயத் தசைக் கலங்களின் சோடியம் வெளியேற்றத்தைத் தடுத்து, இதயச் சுருக்கத்துக்கு வலிமை தருகின்றன. அளவு சற்று மிகினும் வாந்தி, துடிப்புச் சீர்கேடு, மரணம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளி அத்துணை குறுகியது. இதன் மத்தியதரைக்கடல் உறவினமொன்று எலிநஞ்சாகவே விற்கப்பட்டது. எலிக்கு வாந்தியெடுக்க இயலாமை அதற்கு வாய்ப்பாயிற்று.

சித்த மருத்துவரிடம் இக்குமிழ் மருந்துப்பொருள். சுத்தி செய்யாது அவர்கள் கையாள்வதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இல் சித்த மருத்துவ அலகு தொடங்கப்பட்டதால் அவ்வறிவு கல்விநிலையம் புகுந்தது. ஆனால் பற்றைக்காட்டோரம் விறகு பொறுக்கும் சிறுவருக்கு இக்குமிழின் பெயரைச் சொல்வோர் அருகி வருகின்றனர். பெயர் தெரியாத குழந்தையின் கையில் அது வெறும் வெங்காயமாகவே இருக்கும்.