இணையத்தின் வழியே செய்தியும் சந்தையும்

பொருளை ஆக்குவோருக்கும் வாங்குவோருக்கும் இடையே உள்ள தூரம் குறையுமாயின், உழைப்பவருக்குக் கிடைக்கும் பங்கு பெரும்பாலும் உயரும். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, தென்புறத்துச் சிற்றூர்களுக்குப் பட்டணத்துச் சந்தை அண்மையில் வந்தது. 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் நம் நாட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இணையம், இன்று கைப்பேசியின் மூலம் அச்சந்தையை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்திருக்கிறது. செய்தியும் அவ்வழியே வருகின்றது. இம்மாறுதலால் நமக்கு விளையும் நன்மை யாது, பொறுப்பு யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

அனகாபுத்தூர் தறிகள்

தாம்பரம் மாநகராட்சியில் 2021-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட அனகாபுத்தூர், பழம்பெரும் நெசவாளர் ஊராகும். 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' எனப்படும் கட்டம் போட்ட துணியை இவ்வூரார் நெய்தனர். அது நைஜீரியாவுக்கு ஏற்றுமதியாயிற்று. 1970-களில் அந்நாடு துணி இறக்குமதியைத் தடை செய்யவே, இங்குள்ள தறிகள் பல ஓய்ந்தன. ஒரே சந்தையை நம்பி வாழ்ந்ததன் விளைவு இது.

பின்னர் இவ்வூர் நெசவாளர் சிலர் வாழைநார், சணல் முதலிய இயற்கை இழைகளைக் கொண்டு சேலை நெய்யத் தலைப்பட்டனர். வாழைநார்ச் சேலையை விரும்பி வாங்குவோர் ஓர் ஊரில் பலர் இரார், உலகெங்கும் சிதறியிருப்பர். அவ்வாறு சிதறியிருப்போரைத் தறியுடன் இணைப்பதே இணையத்தின் தனிச்சிறப்பு. முன்னர் பத்திரிகை விளம்பரத்துக்குப் பெரும்பொருள் வேண்டும்; வேண்டுவோர், வேண்டாதோர் அனைவரும் அதைக் கண்டனர். இன்றோ, ஒரு பொருளைத் தேடுபவரின் கண்முன்னே அப்பொருளின் விளம்பரம் தோன்றுகிறது. சிறு குழுவும் தன் பொருளைப் படமெடுத்து வெளியூராருக்குக் காட்டலாம்.

இடைநின்றவர் செய்த பணி

தரகர் கூலி பெற்றார். எனினும், வாங்குவோர் நம்பத்தக்கவரா என்று விசாரித்தவரும் அவரே. பத்திரிகை ஆசிரியர் பலவற்றைத் தள்ளினார். எனினும், வந்த செய்தி மெய்யா என்று பார்ப்பது அவர் கடமையாயிருந்தது. இணையம் இவர்களை விலக்கும்போது, இவர்கள் செய்துவந்த பணியும் நம் தலையில் விழுகிறது. இதனைப் பலர் உணர்வதில்லை.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. அந்நாட்களில் படகு வேண்டுவோர், உணவு தருவோர் ஆகியோரை ஒருவரோடொருவர் சேர்த்து வைத்ததில் சமூக ஊடகங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்ச் செய்தியும் அதே வழியில்தான் பரவியது. நன்மையைக் கொணர்ந்த வாய்க்காலே வதந்தியையும் கொணர்ந்தது.

சந்தையிலும் நிலை இதுவே. வடாம், வத்தல் செய்யும் மகளிர் குழு ஒன்றை நாம் அறிவோம். பெரிய ஆர்டர் தருவதாகக் கைப்பேசியில் பேசிய ஒருவர், முன்பணம் பெறுவதற்கு ஒரு கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுமாறு கூறினார். உறுப்பினர் அவ்வாறே செய்து இரகசிய எண்ணையும் பதிந்தார். பணம் வரவில்லை, கணக்கிலிருந்த நான்காயிரம் ரூபாய் போயிற்று. அது குழுவின் ஒரு மாத உழைப்பு. அச்சகோதரி பல நாள் கூட்டத்துக்கு வரவே நாணினார்.

செய்யத்தக்கவை

யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்துவதற்கே இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டுவதில்லை. இவ்வொன்றை ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சொல்லுதல் வேண்டும். ஏமாற்றப்பட்டவர் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிப் போகும்.

உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்புப் பதிவெண்ணை உறைமீது பொறிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டாத சிறு உற்பத்தியாளரும் மாநிலத்துக்குள் இணையச் சந்தைகளின் வழியே பொருள் விற்க, 1-10-2023 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. அதற்கென ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற வேண்டும். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' சந்தையையும் குழுக்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். தனியார் தளங்களில் சேருமுன், அவர்கள் பிடித்துக்கொள்ளும் கழிவையும், திரும்பி வரும் பொருளின் செலவு யாரைச் சேரும் என்பதையும் கேட்டறிதல் நலம். தரகர் ஒழிந்தார் என்று மகிழ்ந்து புதிய தரகரிடம் சிக்கலாகாது.

எந்தத் தளமாயினும் அதை மட்டுமே நம்புதல் கூடாது. நைஜீரியச் சந்தை மூடியபோது அனகாபுத்தூர் பட்ட துன்பத்தை நாம் மறக்கலாகாது. வாரச் சந்தை, கண்காட்சி, அக்கம்பக்கத்து வாடிக்கையாளர் ஆகியோரையும் விடாது காத்துக்கொள்ள வேண்டும்.

படித்த இளைஞர் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மகளிர் குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம் அளித்து, கணக்குப் பார்க்கவும், வாங்குவோரை விசாரிக்கவும், வந்த செய்தியைச் சரிபார்க்கவும் துணைபுரிவார்களாயின், இணையத்தால் வரும் ஊதியம் உழைத்தவர் கையிலேயே தங்கும். இப்பணியை அடுத்த குழுக் கூட்டத்திலேயே தொடங்குவோமாக.