பதினான்கு மட்டைகள்

கோல்ப் என்றதும் அது செல்வர்தம் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவோர் நம் மாணவருள் பலர். அவர்கள் கூற்றில் பொய்யில்லை. கொச்சியில் போல்காட்டித் தீவிலும், நெடும்பாசேரி விமான நிலையத்தருகிலும் கோல்ப் திடல்கள் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அவற்றில் அடியெடுத்து வைத்திருக்கிறோம்? ஆயினும், வைட்டிலாவில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் நாங்கள் நால்வர் இரவுதோறும் கோல்ப் ஆடுகிறோம். திரையில்தான்!

திரையில் கோல்ப் ஆடுவது புதிதன்று. 1984இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'கோல்ப்' என்னும் வீடியோ விளையாட்டிலேயே தொலைவுக்கேற்ற மட்டையை ஆடுவோர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இன்றைய விளையாட்டுகள் சிலவற்றில் பையையே நாம் நிரப்பலாம். ஆனால் 14 மட்டைகளுக்குமேல் கூடாது. இது மெய்யான ஆட்டத்தின் விதி. 1938இல் அமெரிக்காவிலும் 1939இல் பிரிட்டனிலும் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டாக எண்ணிவிட வேண்டா. 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் கடைசி நாளன்று, இயன் உஸ்னம் என்னும் பெருவீரரின் பையில் பதினைந்தாவது மட்டையொன்று கிடந்தது. தண்டனை இரண்டு அடிகள்!

அப்படியானால் எந்தப் பதினான்கு? எங்கள் வைட்டிலாவே இதற்கு விடை சொல்லும். இங்குள்ள போக்குவரத்து மையத்திற்கு 2011இல் பேருந்து வந்தது. 2019இல் மெட்ரோ ரயில். 2023இல் காக்கநாட்டுக்குப் படகு. ஆலுவா செல்வோர் ரயிலேறுவர், கோவை செல்வோர் பேருந்தேறுவர். காக்கநாட்டுக்கே பத்துப் படகுகளை நிறுத்திவிட்டு ஆலுவாவுக்கு ஒன்றும் விடாவிட்டால் அம்மையத்தால் யாருக்கு என்ன பயன்?

எங்கள் விளையாட்டு தரும் பையில் நடந்திருப்பது அதுதான். அதிலுள்ள ஐந்தாம் எண் 'வுட்' 225 கெஜம் போகும். மூன்றாம் எண் 'அயர்ன்' 220 கெஜம் போகும். ஒரே ஊருக்கு இரண்டு படகுகள்! கீழே வாருங்கள். 'பிட்சிங் வெட்ஜ்' 130 கெஜம், அடுத்த 'சாண்ட் வெட்ஜ்' 95 கெஜம். இடையே 35 கெஜத்திற்கு ஆளே இல்லை. காரணம் மட்டை முகத்தின் சாய்வு. சாய்வு மிகுந்தால் பந்து உயர எழும், தொலைவு குறையும். முதல் வெட்ஜின் சாய்வு 46 பாகை, அடுத்ததன் சாய்வு 56. குழியை நெருங்கும் அடிகளுள் பல இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. 112 கெஜம் வேண்டுமெனில் பெரிய வெட்ஜை அரைகுறையாக வீச வேண்டும். பொத்தானைத் தட்டும் கணம் சற்றே பிசகினாலும் பந்து மணலில். மூன்றாம் அயர்னை எடுத்தெறிந்து, 52 பாகை வெட்ஜை வையுங்கள். முழு வீச்சிலேயே குழியருகே போய் நிற்கும்.

மட்டைகளுக்கு இத்தகைய விளையாட்டுகள் சிலவற்றில் உண்மைப் பணமும் கேட்பர். அறை நண்பர் ஒருவர், பத்துக் கெஜம் கூடுதலாகப் போகும் 'டிரைவர்' ஒன்றுக்காக அம்மாத உணவுப் பணத்திலேயே கைவைக்கத் துணிந்தார். அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். 72 அடிகள் வகுக்கப்பட்ட திடலில் டிரைவரைப் பொதுவாகப் பதினான்கு குழிகளில்தான் எடுப்போம். பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பட்டர்' மட்டைக்கோ, குழிக்கு இரண்டாக 36 அடிகள். விலை மிகுந்தது டிரைவர், உழைப்பு மிகுந்தது பட்டர்! (உலகியலும் இப்படித்தானோ?)

"அப்படியானால் பணமில்லாதவன் ஜெயிக்க முடியுமா?" என்றார் நண்பர். 1991இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர். 2009இல் அதே பட்டத்தை வென்றவர் பெங்களூரின் சின்னசாமி முனியப்பா. இருவரும் பிறர் பையைச் சுமக்கும் 'கேடி'களாகத் தொடங்கியவர்கள். எத்தொலைவுக்கு எம்மட்டை என்பதைச் சொந்த மட்டை வாங்குமுன்பே பார்த்தறியும் தொழில் அது.

நண்பர் பணத்தை எடுக்கவில்லை. 52 பாகை வெட்ஜ் பட்டியலில் விலையின்றியே இருந்தது.