பட்டு இறக்கையும் பதினாறரை சென்டிமீட்டர் தண்ணீரும்

காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் ஐயம்பேட்டையில் பட்டுச் சேலையை வெயிலில் காயப்போட்டால் வசவு நிச்சயம். "பட்ட வெயில்ல போடாதடி, நெழல்ல உலத்து" என்று என் அத்தை சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பேன்! சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டின் புரத இழையைச் சிதைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வெயில் தின்ற பட்டு, பெட்டியில் வைத்த இடத்திலேயே மடிப்பு மடிப்பாகக் கிழியும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும்.

இதே அறிவு ஒரு காலத்தில் விமானம் கட்டியவர்களுக்கும் தேவைப்பட்டது. பிரேசில்காரரான அல்பெர்தோ சாந்தோஸ் துமோன் பாரிசில் 'தெமுவாசெல்' என்றொரு குட்டி விமானத்தைக் கட்டிப் பறந்தார். 1909ல் அது நல்ல நிலைக்கு வந்தது. உடல் மூங்கில், இறக்கைமேல் போர்த்தியது பட்டு. அதன் வரைபடங்களுக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. விரும்பியவர் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1910ல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் அவற்றை அச்சிட்டது. வீட்டில் விமானம் கட்டுவோரின் குலத்துக்கு அதை முதல் ஏடு என்று சொல்லலாம்.

பட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. விலை அதிகம், வெயில் ஆகாது. ரைட் சகோதரர்கள் 1903லேயே பருத்தி மஸ்லினைத்தான் போர்த்தினார்கள். முதல் உலகப்போர் விமானங்கள் லினன் துணியைக் கட்டிக்கொண்டன. துணியைச் சும்மா போர்த்தினால் காற்றில் படபடக்கும். அதனால் 'டோப்' என்ற செல்லுலோஸ் கரைசலைப் பூசுவார்கள். அது உலர உலரச் சுருங்கி, துணியை மத்தளத் தோல் போல இழுத்துப் பிடிக்கும். விடியற்காலையில் எங்கள் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு பெரிய வேறுபாடு உண்டு: கஞ்சியைத் துவைத்துப் போக்கிவிடலாம், டோப் துணியோடு ஒன்றாகிவிடும். அதன்மேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு வரும். அது அழகுக்கு அல்ல, வெயிலை மறைக்க. அத்தை சொன்ன நிழலை, விமானம் தன் தோலிலேயே பூசிக்கொள்கிறது.

துணி போர்த்திய விமானம், பறக்கத் தகுதியானதா என்று பார்க்கும் ஆய்வுக்கு வந்தால் ஆய்வாளர் முதலில் அந்தத் தோலைத்தான் சோதிப்பார். 'கிரேடு ஏ' என்ற விமானப் பருத்தியில் ஓர் அங்குல அகலத் துண்டு, புதிதாக இருக்கும்போது 80 பவுண்டு, அதாவது சுமார் 36 கிலோ, இழுவையைத் தாங்கவேண்டும். பழகி நைந்து 56 பவுண்டுக்குக் கீழே போனால் துணி முழுவதையும் உரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்தவேண்டும். இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே சுருக்கி இழுப்பார்கள். முதலில் 120 டிகிரி செல்சியஸ் வாக்கில், கடைசியில் 175 டிகிரி வாக்கில். அதைத் தாண்டினால் இழுவிசை தளர்ந்துவிடும். பெட்டியின் முள் காட்டும் அளவை நம்பாமல், வெப்பமானி வைத்துச் சோதித்துக் குறித்த பிறகே வேலை தொடங்கும்.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ தாஞ்செலிஸ் தானே வடிவமைத்த விமானத்தை சிம்சன் பணிமனையில் கட்டவைத்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டார். காஞ்சிபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், நம் மண்ணில் கட்டிய விமானம் ஒன்று எழும்பியது என்பதை நினைக்க எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. அந்த விமானத்தைப் பார்த்து, "இது பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்திட அன்று எவருக்கும் அதிகாரம் இல்லை. அப்படியொரு சட்டமே இல்லை. அடுத்த ஆண்டு, 1911ல், இந்திய ஆகாயக் கப்பல் சட்டம் வந்தது. பிறகு 1934ல் விமானச் சட்டம், 1937ல் விதிகள்.

நூறு ஆண்டு கழித்து நிலைமை தலைகீழ். மும்பை காந்திவலியின் சார்கோப் பகுதியில், தான் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார் விமானி அமோல் யாதவ். 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்காக அது கிரேனில் தரைக்கு இறங்கியது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் பதிவு கிடைத்தது 2017 நவம்பரில். பறக்கும் அனுமதி 2019 அக்டோபரில். கட்டியதற்குப் பட்ட பாடு ஒன்று, காகிதத்துக்குப் பட்ட பாடு இன்னொன்று. இந்தியாவில் சொந்தமாக விமானம் கட்டுபவருக்கு முன்னால் தெளிவான பாதை இன்னும் போடப்படவில்லை. இது என் மனத்தாங்கல், மறைக்கவில்லை. அமெரிக்காவில் பாதை நேரானது. கட்டிய வேலையில் பெரும்பகுதி, அதாவது பாதிக்கு மேல், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே செய்தது என்று கட்டியவர் காட்டவேண்டும். அதற்குத்தான் நாள்குறிப்பும், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த புகைப்படங்களும். பிரிட்டனில் ஆய்வாளர் கடைசி நாள்வரை காத்திராமல், கட்டக் கட்ட நடுநடுவே வந்து பார்த்துப்போவார். மூடிவிட்டால் தெரியாத இடங்களை மூடுமுன் பார்க்கும் இந்த முறைதான் எனக்குச் சரியென்று படுகிறது.

ஆய்வு நாளுக்குத் தயாராவது என்றால் விமானத்தைத் திறந்து வைப்பது. எஞ்சின் உறை, இறக்கையின் அடி மூடிகள், இருக்கைகள், தரைப்பலகை எல்லாம் கழற்றி வரிசையாகக் கிடக்கும். பளபளவென்று துடைத்து மாலை போட்டு நிற்கும் விமானத்தைக் காட்டினால் ஆய்வாளர் மூடிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு ஒரு நாற்காலி கேட்பார்.

அவர் கண் தேடுவது சின்னச் சின்ன விஷயங்களை. பூட்டு நட்டுக்கு வெளியே போல்ட்டின் மரை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறதா? சுழலும் மூட்டுகளில் ஸ்பிளிட் பின் போட்டு மடக்கியிருக்கிறதா? பூட்டுக்கம்பி முறுக்கியிருக்கும் திசை எது? போல்ட் தளர நினைத்தால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்கவேண்டும். எதிர்ப்பக்கம் கட்டினால் கட்டாததற்குச் சமம். நட்டை டார்க் ரெஞ்சால் அளவாக இறுக்கியபின், நட்டிலும் தகட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு வண்ணக் கோடு இழுப்பார்கள். நட்டு மயிரளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நூற்றுக்கணக்கான நட்டுகளில் கோடில்லாத ஒரு நட்டு, சேலையில் விட்டுப்போன ஊடை போலக் கண்ணில் குத்தும்.

வேகமானியைச் சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அதே தண்ணீர் டியூப் போதும். காற்று முன்னால் வந்து மோதும் அழுத்தத்தைத்தான் வேகமானி வேகமாக மொழிபெயர்க்கிறது. டியூபை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை விமானத்தின் காற்றுக் குழாயோடு இணைத்து, மறுமுனையை மெல்ல உயர்த்தவேண்டும். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 16.5 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்போது முள் 100 நாட்டில், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டரில், நிற்கவேண்டும். 50 நாட்டுக்கு எவ்வளவு? பாதியல்ல, கால்வாசி: 4 சென்டிமீட்டர் சொச்சம். அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால் இப்படி. பிறகு டியூபை அப்படியே பிடித்துவைத்தால் முள் இறங்கக்கூடாது; இறங்கினால் எங்கோ கசிவு.

எரிபொருள் ஓட்டத்துக்கும் இப்படியொரு எளிய சோதனை. வால் சக்கரத்தைக் குழியில் இறக்கியோ, முன் சக்கரங்களை மேட்டில் ஏற்றியோ, மேலேறும்போது இருக்கும் கோணத்துக்கும் சற்று அதிகமாக மூக்கைத் தூக்கி நிறுத்துவார்கள். எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடிப்பார்கள். முழு விசையில் மணிக்கு 24 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்றால், தானாக வழிந்து வரும் அமைப்பில் அதைப்போல ஒன்றரை மடங்கு, நிமிடத்துக்கு 600 மில்லி, விழவேண்டும். பம்ப் இருந்தால் ஒன்றேகால் மடங்கு போதும்.

எடை போடும் நாள் தனி நாள். கொட்டகைக் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். இறக்கைமேல் காற்று ஓடினால் எடை பொய் சொல்லும். விமானத்தை மட்டமாக நிறுத்தி மூன்று சக்கரத்துக்கும் அடியில் மூன்று தராசு. ஒரு கணக்குப் பார்ப்போம். மூக்கு நுனியிலிருந்து தூரம் அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் 60 சென்டிமீட்டரில், அதன்மேல் 80 கிலோ. பின் சக்கரங்கள் இரண்டும் 210 சென்டிமீட்டரில், ஒவ்வொன்றின்மேலும் 160 கிலோ. எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 72,000. மொத்த எடை 400 கிலோவால் வகுத்தால் 180. விமானத்தை ஒரே கயிற்றில் தொங்கவிட்டால் 180 சென்டிமீட்டரில் கட்டித் தொங்கவிடவேண்டும். இப்போது 75 கிலோ விமானி 200 சென்டிமீட்டரில் உட்காருகிறார்: புள்ளி 183க்கு நகர்கிறது. பின்னால் 260 சென்டிமீட்டரில் 20 கிலோ மூட்டை: 186. வடிவமைப்பாளர் பின் எல்லையை 185 என்று குறித்திருந்தால் மூட்டை தரையில்தான் இருக்கவேண்டும்.

மூக்கு கனத்தால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க முடியாமல் போகும். வால் கனத்தால் இன்னும் மோசம். மூக்கு தானாக எழும், வேகம் குறையும், இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். விமானியின் கையில் இருக்கும் கோல் அதைத் திருத்தப் போதாது.

அந்தக் கோலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோலை இடப்பக்கம் சாய்த்தால் இடது இறக்கையின் பின்விளிம்பு மடல் மேலே எழவேண்டும். கட்டைவிரலை மேலே நீட்டிக் கோலைப் பிடித்தால், கோலோடு சேர்ந்து விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க மடல் எழவேண்டும். குழந்தைக்குக்கூட விளங்கும் சோதனை. ஆனாலும் 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில், பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரயர் ஜெட் விமானத்தில் மடல்களின் கம்பிகள் மாறிப் பூட்டியிருந்தன. பயிற்சி பெற்ற பலர் கைபட்ட விமானம். புறப்படுமுன் யாரும் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே இருந்த ஆறு பேரும் வானில் புரண்டு புரண்டு, மூன்றாவது முயற்சியில் பேஜா தளத்தில் உயிரோடு இறங்கினார்கள். செய்தவர் கண் தன் பிழையைத் தாண்டிப் போய்விடும். தறியில் உட்கார்ந்தவருக்குத் தெரியாத இழை, சேலையை விரித்துப் பார்ப்பவருக்குத் தெரிகிறதல்லவா?

விமானியின் கைக்கு வரும் திருகுகளுக்குப் பக்கத்தில் ஆய்வாளர் கேட்கும் பெயர்ச்சீட்டுகளைச் சிலர் சம்பிரதாயம் என்று நினைப்பதுண்டு. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது வேறொருவர் வீட்டில் கட்டிய 'லாங் ஈ-இசட்'. கட்டியவர் வரைபடத்திலிருந்து விலகி, எரிபொருள் தொட்டி மாற்றும் திருகைப் பின்னால், விமானியின் இடது தோளுக்குப் பின்புறம் வைத்திருந்தார். எந்தப் பக்கம் எந்தத் தொட்டி என்று எழுதவும் இல்லை. அதைத் திருக உடம்பைத் திருப்பியபோது கால் சுக்கான் மிதியில் அழுந்தியிருக்கவேண்டும் என்பது விசாரணையின் முடிவு. கை எட்டும் இடத்தில் திருகும், பக்கத்தில் ஒரு சொல்லும் இருந்திருந்தால் அவர் அன்று தலையைத் திருப்பவேண்டியதே இல்லை.

எல்லாம் சரியென்றால் கையெழுத்து கிடைக்கும், கூடவே கட்டுப்பாடும். அமெரிக்காவில் வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணிநேரம் வரையறுத்த பகுதிக்குள்தான் பறக்கவேண்டும். சவாரிக்கென்று யாரையும் ஏற்றக்கூடாது. பெற்ற பிள்ளையானாலும் தரையில் நின்றுதான் பார்க்கவேண்டும்.

ஆய்வாளர் போனபின் மூடிகளைத் திரும்பப் பூட்டுவது பொறுமையான வேலை. கழற்றிய திருகாணிகள் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணி வைக்கப்பட்டிருக்கும். கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவில் வெட்டிய பள்ளம். கடைசி மூடி பூட்டியபின் கிண்ணத்தில் ஒரு திருகாணி மிஞ்சினாலோ, பெட்டியில் ஒரு பள்ளம் காலியாக இருந்தாலோ, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு முதல் மூடியிலிருந்து மறுபடி கழற்றத் தொடங்குவார்கள்.