ஞானப் பல் படுத்தும் பாடு

ஞானம் உதிப்பது எளிய காரியமன்று என்று பெரியோர்கள் சொல்வார்கள். அது பல்லின் உருவத்தில் உதிக்கும்போது மனிதன் படும் பாட்டைப் பற்றி மட்டும் அவர்கள் வாய் திறக்கவில்லை. வாயைத் திறக்க முடியாத வலி போலும்!

17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், எல்லாப் பற்களுக்கும் கடைசியாகக் கடைவாயின் மூலையில் முளைப்பது ஞானப் பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. சிலருக்கு முளைப்பதே இல்லை, அவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களில் பலருக்குத் தாடையில் இடம் போதுவதில்லை. ஆகவே அந்தப் பல் பக்கத்துப் பல்லின் மேல் சாய்கிறது. அல்லது எலும்புக்குள்ளேயே படுத்துவிடுகிறது. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மூடிபோல் படிந்திருக்க, அதனடியில் ஆகாரத் துணுக்குகள் தங்கிச் சீழ் வைக்கிறது. தொந்தரவு செய்யாத ஞானப் பல்லை வீணாகப் பிடுங்க வேண்டியதில்லை. அடிக்கடி வீங்குவதையும், பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்குவதையும் வைத்துக் கொண்டிருப்பதுதான் தவறு.

நீலகிரியில் இந்தத் தவறு நேர்வதற்குக் காரணம் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. பந்தலூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ உதகைக்கு வந்து திரும்பினால் பொழுதும் போயிற்று. ஆகவே கொழுந்து கிள்ளும் பெண் புகையிலையைக் கடைவாயில் அடக்கிக் கொண்டு நாளைக் கடத்துகிறாள். கையருகில் இருக்கிறதே என்று நீலகிரித் தைலத்தை ஈற்றில் வைப்பவர்களும் உண்டு. புகையிலை புண்ணை ஆற விடாது. தைலமோ வெளிப்பூச்சுக்கு உரியது. உள்ளே போனால் விஷம். இதற்குள் சீழ் தாடைக்கடியில் இறங்கிக் கழுத்து வீங்கினால், மூச்சே அடைத்து உயிருக்கு ஆபத்து நேரலாம்.

நாற்காலியில்

முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். பல்லின் வேர் தாடைக்குள் ஓடும் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அதில் தெரியும். சர்க்கரை வியாதி, கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு மரத்துப் போக ஊசி. இதற்கு வழங்கும் லிக்னோகேய்ன் என்ற மருந்தை 1943-இல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் உண்டாக்கினார்கள். அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், சத்தம் கேட்கும், வலி தெரியாது. புதைந்த பல்லானால் ஈற்றைக் கீறி, சிறிது எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பாட்டிமார் சொல்வது வெறும் பயம். பல்லின் நரம்பு வேறு; பார்வை நரம்பு வேறு. கீழ்ப் பல்லை எடுத்த பிறகு சிலருக்கு உதடோ நாக்கோ சில வாரங்கள் மரத்திருப்பதுண்டு. மிகச் சிலருக்கே அது நிலைத்துவிடுகிறது.

வீடு திரும்பிய பின்

வைத்த பஞ்சை அரைமணி நேரம் இறுகக் கடித்திருக்க வேண்டும். குழியில் உறையும் இரத்தந்தான் இனி அதற்குக் காவல். அன்று முழுவதும் கொப்பளிப்பதும், காறித் துப்புவதும், குழல் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. உதகைக் குளிரில் இதைவிடக் கடினமான கட்டளை ஒன்று உண்டு: சுடச்சுடத் தேநீர் அருந்தலாகாது! ஆறிய பிறகு அருந்தலாம். கன்னத்தில் கம்பளியைச் சுற்றி அனல் காட்டுவதும் முதல் நாள் ஆகாது. எவ்வளவு குளிரானாலும் துணியில் சுற்றிய ஐஸையே விட்டுவிட்டு ஒற்ற வேண்டும்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் அதிகமாகும், பிறகு வடியும். வாய் சரியாகத் திறக்காததும் சில நாட்களுக்கு இயல்பே. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். குழைந்த சாதமும் கஞ்சியும் மோரும் ஒரு வாரத்துக்குப் போதும். பீடி, சிகரெட், வெற்றிலை, புகையிலை எதுவும் கிட்டே வரக்கூடாது. மேலே ஈறு மூடச் சில வாரங்களும், உள்ளே எலும்பு நிறையச் சில மாதங்களும் ஆகும்.

குறைந்து வந்த வலி மூன்றாம் நாளுக்குப் பிறகு திடீரென்று காது வரை குத்தினால், உறைந்த இரத்தம் கழன்று எலும்பு வெளியில் தெரிகிறது என்று அறியலாம். டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் இது தணிந்துவிடும். நிற்காத இரத்தம், ஜுரம், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஆகியவை தோன்றினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

ஆகையால் தொலைவிலுள்ளவர்கள் காலையிலேயே, துணைக்கு ஒருவரை அழைத்துக் கொண்டு வருவது நலம். இரத்தம் மறுபடி கசிந்தால் இருட்டில் மலைப்பாதையில் அலைய வேண்டியிராது. முடிந்தால் அன்றிரவு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் தங்கலாம்.

1920-இல் டாக்டர் ரபியுதீன் அகமது கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் பல் வைத்தியக் கல்லூரியைச் சொந்த முயற்சியில் நிறுவினார். சென்னையில் அரசாங்கப் பல் வைத்தியப் படிப்பு 1953-இல் தொடங்கிற்று. பல் வைத்தியம் இன்று சீமான்களுக்கு மட்டும் உரியதன்று. இரண்டு மூன்று நாள் கூலியை எண்ணித் தயங்குகிறவர்கள், சீழ் முற்றிய பின் ஆஸ்பத்திரியில் கிடக்க நேரும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.